தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் அழியா அரசும்

தோற்றுவாய்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் பெருவழியில் ஏறக்குறைய 28 கிலோமீட்டர் சென்றால் செஞ்சிக்கோட்டை தோன்றும். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் ஒரு மதில் வளைத்து நிற்கின்றது. அக்கோட்டையை நாயக்கர் ஆண்டனர். பீஜப்பூர்ச் சுல்தானின் படையினர் கைப்பற்றினர். 1677-ஆம் ஆண்டில் மராத்திய வீரர் சிவாஜி கொண்டார். 1698-இல் மொகலாயர் வென்றனர். பின்னர்ப் பிரெஞ்சுக்காரரும், 1761-இல் ஆங்கிலேயரும் புகுந்தனர். வென்றவர் அனைவரும் தத்தம் அரசு நிலைபெறும் என்றே எண்ணியிருப்பர். இன்று கல்யாண மகாலின் மாடங்களில் புறாக்கள் வாழ்கின்றன. 2025-ஆம் ஆண்டில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சியும் உலகப் பாரம்பரியச் சின்னமென அறிவிக்கப்பட்டது. அரசு போயிற்று, அதன் சின்னம் நின்றது.

விடுமுறை நாட்களில் நம் மாணவர் அக்குன்றின்மேல் ஏறி நின்று கீழே நோக்குங்கால், அழியாத அரசு ஒன்று உண்டோ என்னும் வினா அவருள்ளத்தில் எழுதல் இயல்பே. அவ்வினாவுக்கு விடை கண்டு, அவ்விடையை இனிய தமிழிற் பாடி வைத்தவர் ஒருவர் உளர். அவரே தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். செஞ்சியைக் கொண்ட சிவாஜியின் தம்பி ஏகோஜி நிறுவிய தஞ்சை மராத்திய அரசின் நிழலிலே வாழ்ந்து, அவ்வரசு அழிந்ததையும் தம் கண்ணாற் கண்டவர் அவர். விழுப்புரம் சந்திப்பிலிருந்து கடலூர், மாயூரம், கும்பகோணம் வழியாகச் செல்லும் பழைய இருப்புப்பாதையே நம்மை அவ்வூருக்குக் கொண்டு சேர்க்கும். அவர் பாடிய கீர்த்தனங்களோ நம் ஆலயங்களில் ஞாயிறுதோறும் கேட்கப்படுவன. பாட்டை அறிந்தவர் பலராயினும் பாடியவரின் வாழ்வை அறிந்தவர் சிலரே. ஆதலின் அதனைச் சுருக்கமாக ஈண்டு எழுதத் துணிந்தேன்.

பிறப்பும் இளமையும்

சாஸ்திரியார் 1774-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7-ஆம் நாள் திருநெல்வேலியில் வேளாளர் குடியிற் பிறந்தார். தந்தையார் அருணாசலம் பிள்ளை என்பார் கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவித் தேவசகாயம் எனப் பெயர் பெற்றவர். தமிழ்க் கல்வியிலும் செய்யுளியற்றுதலிலும் வல்லவர். தாயார் பெயர் ஞானப்பூ அம்மாள். இல்லத்திலே தமிழும் வேதமும் ஒருங்கே கற்கும் பேறு மகனுக்கு வாய்த்தது.

அக்காலத்தில் தென்னாட்டுத் திருச்சபையில் பெரும்புகழ் பெற்று விளங்கியவர் சுவார்ட்ஸ் ஐயர். ஜெர்மன் தேசத்தவரான அவர் 1750-இல் தரங்கம்பாடி வந்திறங்கித் திருச்சிராப்பள்ளியில் ஊழியஞ்செய்து, பின்னர்த் தஞ்சையையே தமக்கு இருப்பிடமாகக் கொண்டார். பொய்யாத நா உடையவர் என அரசரும் குடிகளும், கம்பெனியாரும் அவர்தம் பகைவரும் அவரை ஒருங்கே மதித்தனர். 1785-இல் அவர் திருநெல்வேலிக்கு வந்தபோது சிறுவன் வேதநாயகத்தின் கூர்த்த அறிவைக் கண்டு வியந்து, பெற்றோரின் இசைவுடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்று தம் மகனேபோல் வளர்த்தார். பின்னர் அவர் அப்பிள்ளையைத் தரங்கம்பாடிக்கு அனுப்பினார். அங்கிருந்த மிஷனரிமாரிடம் வேத சாஸ்திரத்தோடு வானநூல், பூகோள நூல், உடற்கூற்று நூல் முதலியவற்றையும் வேதநாயகம் கற்றார். மேனாட்டுப் புத்தறிவும் தமிழ்ப் பழம்புலமையும் ஓருள்ளத்தே கலந்தமையே பிற்காலத்தில் அவருடைய பாடல்களுக்குத் தனிச்சுவை தந்தது. கல்வி முற்றியபின் ஏறக்குறையப் பத்தொன்பதாம் வயதிலே தஞ்சைப் பாடசாலையில் ஆசிரியராயினார்.

ஒரு குருவும் இரு மாணவரும்

சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த பிள்ளை இவர் ஒருவர் மாத்திரமல்லர். தஞ்சை மன்னர் துளஜா மகப்பேறின்றி 1787-இல் இறக்குந் தறுவாயில், தாம் தத்தெடுத்த சரபோஜி என்னுஞ் சிறுவனை ஐயரிடம் ஒப்புவித்தார். சரபோஜி பிறந்தது 1777. வேதநாயகருக்கு அவர் மூன்றாண்டு இளையவர். துளஜாவின் தம்பி அமரசிங்கன் அரசைக் கைக்கொண்டு, இளவரசனுக்குக் கல்வியும் காற்றும்கூடக் கிட்டாதவாறு அடைத்து வைத்தான். ஐயர் கம்பெனியாரிடம் வாதாடி 1793-இல் அவரைச் சென்னைக்கு அனுப்புவித்தார். அங்கே கெரிக்கே ஐயர் அவருக்குக் கல்வி புகட்டினார். 1798-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 13-ஆம் நாள் சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சையில் உயிர்நீத்தார். அவ்வாண்டிலேயே சரபோஜி முடிசூடினார். தம் குருவின் நினைவாக இலண்டன் சிற்பி பிளாக்ஸ்மன் செதுக்கிய சலவைக்கற் சிலைப்பலகையொன்றை அம்மன்னர் தருவித்துத் தஞ்சை ஆலயத்தில் நிறுவினார். மரணப் படுக்கையிற் கிடக்கும் ஐயரின் கையை இளவரசர் பற்றியிருக்குங் காட்சி அதிற் பொறிக்கப்பட்டுள்ளது.

ஒரே கையால் ஊட்டப்பெற்ற இருவரில் ஒருவர் சிம்மாசனம் ஏறினார். மற்றவர் எழுத்தாணி ஏந்தினார். சிம்மாசனம் ஏறியவருக்கு வாய்த்த அரசு எத்தன்மையது? 1799-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களிற் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி தஞ்சை நாட்டின் ஆட்சி முழுவதும் கம்பெனியார் கைக்கு மாறிற்று. மன்னருக்கு எஞ்சியவை கோட்டையும், ஆண்டுதோறும் ஒரு லட்சம் வராகனும், வருவாயில் ஐந்திலொரு பங்குமே. அவர் மனந்தளராது சரசுவதி மகாலில் சுவடிகளைப் பெருக்கியும், வைத்தியம் வளர்த்தும், கலைஞரைப் பேணியும் அழியாப் புகழ் பெற்றார். எனினும் முடியிருந்தது, அரசு இல்லை. இந்நிலையைப் பக்கத்தே நின்று கண்டவர் வேதநாயகர். முடியில்லாதிருந்தும் அரசுடைய ஒருவரை அவர் பாடத் தலைப்பட்டமைக்கு இக்காட்சியும் ஒரு காரணமாயிருக்கலாம்.

மேசியா என்னும் அரசர்

அவர் பாடிய அரசர் யாவர்? எபிரேய மொழியில் மேசியா என்பதும் கிரேக்க மொழியிற் கிறிஸ்து என்பதும் ஒருபொருட் சொற்களே. அபிஷேகம் பெற்றவர் என்பது பொருள். நம் நாட்டில் முடிசூட்டு விழாவைப் பட்டாபிஷேகம் என்பதுபோல, இஸ்ரவேலரும் தம் அரசரை எண்ணெயால் அபிஷேகஞ் செய்தனர். பெத்லகேமில் ஆடு மேய்த்துத் திரிந்த தாவீது அவ்வாறு சாமுவேல் தீர்க்கதரிசியால் அபிஷேகம் பெற்றான். அவன் சிங்காசனம் என்றும் நிலைக்கும் என நாத்தான் வழியாக வாக்குத்தத்தம் உண்டாயிற்று. ஆயினும் நிகழ்ந்தது யாது? சாலொமோனுக்குப் பின் நாடு இரண்டாய்ப் பிளந்தது, வடநாட்டை அசீரியர் அழித்தனர், கி. மு. 587-ஆம் ஆண்டளவில் எருசலேமும் பாபிலோனியர் கையில் வீழ்ந்தது. தாவீதின் வழித்தோன்றல் சிறைப்பட்டுச் சென்றான்.

வாக்குத்தத்தம் பொய்த்ததென அம்மக்கள் கைவிடவில்லை. அதன் பொருளை ஆழ்ந்து தேடினர். ஏழைகளுக்கு நீதி செய்பவரும், போர்க்குதிரையேறாது கழுதையின்மேல் வருபவரும், எல்லாச் சாதியாரையும் ஒரு குடைக்கீழ்க் கூட்டுபவருமாகிய ஓர் அரசர் தோன்றுவார் என அவர்தம் தீர்க்கதரிசிகள் அறிவித்தனர். ரோமர் ஆட்சியின் கீழ் நசுங்கிய நாளில் அந்நம்பிக்கை வாளேந்தும் மீட்பரையே நாடிற்று. இயேசுநாதரோ அப்பம் உண்ட மக்கள் தம்மைப் பலவந்தமாய் அரசனாக்க முயன்றபோது மலைக்கு விலகிச் சென்றார். முள்முடியை ஏற்றார். அவர் அரசர் என்னும் விளம்பரம் சிலுவையின் உச்சியில் எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் என்னும் மும்மொழியில் எழுதப்பட்டது; எழுதுவித்தவன் ரோம அதிபதி. பகைவர் ஏளனமாக எழுதியதையே அடியார் மெய்யாகக் கொண்டனர். அவ்வரசு தொடங்கிவிட்டது, ஆயினும் நிறைவெய்தவில்லை. ஆதலின் அது வரவேண்டுமென்று திருச்சபை நாள்தோறும் வேண்டிக்கொள்கின்றது. வந்துவிட்டதற்கும் வரவேண்டியதற்கும் இடைப்பட்ட இக்காத்திருத்தலே கிறிஸ்தவ நம்பிக்கையின் உயிர்நிலை எனலாம்.

பெத்லகேம் குறவஞ்சி

இக்காத்திருத்தலைத் தமிழிற் கூறத் தக்க வடிவம் ஒன்றை வேதநாயகர் கண்டெடுத்தார். அதுவே குறவஞ்சி. தலைவன் பவனி வருதலும், அவனைக் கண்ட தலைவி காதலுற்று வாடுதலும், குறத்தி வந்து தன் நாட்டு வளமும் மலைவளமும் கூறிக் கைபார்த்துக் குறி சொல்லுதலும், குறவன் புட்களைக் கண்ணி வைத்துப் பிடித்தலும், மனைவியைத் தேடிக் காணுதலும் அந்நூலின் உறுப்புக்கள். தெய்வத்தையேனும் அரசனையேனும் தலைவனாக வைத்துப் பாடுதல் மரபு. திருக்குற்றால நாதரைப் பாடிய குறவஞ்சி சாஸ்திரியாரின் பிறந்த நாடாகிய திருநெல்வேலிச் சீமையிலேயே தோன்றியது. தஞ்சையிலோ, கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் சரபோஜி மன்னரைப் பாட்டுடைத் தலைவராக்கிச் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி இயற்றினார். அது பெரிய கோயில் விழாவில் ஆடப்பட்டது.

வேதநாயகர் தம் இருபத்தாறாம் வயதில், 1800-ஆம் ஆண்டில், பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். அதில் தலைவர் பெத்லகேம் நாதராகிய கிறிஸ்து. தலைவி சீயோன் குமாரத்தியாகிய தேவமோகினி. அவள் திருச்சபைக்கு உருவகம். ஞானசிங்கி குறி கூற வருகின்றாள். ஞானசிங்கன் வலைவீசிப் பிடிக்கும் புட்கள் மனிதரின் ஆன்மாக்கள். குறத்தி நாட்டுவளங் கூறுமிடத்தில் உலகத்தின் கண்டங்களும் தேசங்களும் வருகின்றன. சூரியனை நடுவில் வைத்துக் கிரகங்கள் சுற்றிவரும் கொப்பர்னிக்கஸின் வானநூற் கொள்கையும் அந்நூலில் இடம்பெறுகின்றது. தரங்கம்பாடியிற் கற்ற கல்வி தமிழ்ப் பாட்டாயிற்று.

இந்நூலின் அமைப்பை ஊன்றி நோக்கின் ஒரு நுட்பம் புலப்படும். தலைவர் பவனி வந்துவிட்டார். தலைவி அவரைக் கண்டும்விட்டாள். ஆயினும் கூடுதல் இன்னும் நிகழவில்லை. இடையே குறி சொல்பவள் வந்து, அவர் வருவார், உன்னைச் சேர்வார் என உறுதி கூறுகின்றாள். தீர்க்கதரிசிகள் இஸ்ரவேலருக்குச் செய்த பணி இதுவேயன்றோ? அரசு ஒன்றை வாளால் நிலைநாட்டுதலும் உண்டு. காதலால் நிலைநாட்டுதலும் உண்டு. மேசியாவின் அரசு இரண்டாம் வகையது என்பதை நீண்ட விரிவுரையால் விளக்கலாகாதோ எனின், ஆகும். ஆனால் தமிழ்ப் பெண்டிரும் சிறுவரும் அதனை நெஞ்சிற் கொள்ளுமாறு செய்தற்குக் குறவஞ்சியின் காதலே ஏற்ற கருவி எனச் சாஸ்திரியார் தேர்ந்தார் என்றே எனக்குத் தோன்றுகின்றது. குறியும் சகுனமும் பார்க்கும் மூடவழக்கங்களைச் சாஸ்திரக்கும்மி என்னும் தம் நூலில் நகைத்துக் கடிந்த அவரே, குறத்தியின் வாயில் தேவவாக்கை வைத்துப் பாடினார். நாட்டு வழக்கில் தள்ளத்தக்கது எது, கொள்ளத்தக்கது எது என்பதை அவர் பகுத்தறிந்தார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இதுவன்றி ஞானத்தச்ச நாடகம், ஞான ஏற்றப்பாட்டு, ஞான நொண்டி நாடகம், செபமாலை முதலாகப் பல நூல்களையும், எண்ணிறந்த கீர்த்தனங்களையும் அவர் இயற்றினார். ஏற்றம் இறைப்பவரும், கும்மியடிப்பவரும், தெருவில் நாடகங் காண்பவரும் எவ்வெவ் வடிவங்களில் மகிழ்வரோ அவ்வவ் வடிவங்களிலெல்லாம் சுவிசேஷத்தை ஊற்றிக் கொடுத்தார். தாமே இசையோடு பாடிக் காலட்சேபஞ் செய்து ஊர்தோறும் சென்றார். சபைகள் அவருக்குச் சுவிசேடக் கவிராயர், வேதசிரோமணி என்னும் பட்டங்களை வழங்கிப் போற்றின.

அரசவையிற் கவிஞர்

சரபோஜி மன்னர் தம் இளமைத் தோழரை மறந்தாரில்லை. அவர் வைதிக சமயத்தில் உறுதி பூண்டவர். காசி யாத்திரை செய்தவர். எனினும் வேதநாயகரை அவைக்கு அழைத்துப் பாடக்கேட்டு மகிழ்ந்தார். தஞ்சைப் பெருவுடையார்மீது ஒரு குறவஞ்சி பாடித்தருமாறு மன்னர் வேண்டினரென்றும், தாம் ஏற்ற அரசர் ஒருவரையன்றிப் பிறரைப் பாடுதற்கில்லையெனக் கவிஞர் பணிவோடு மறுத்தனரென்றும், அதனால் மன்னர் சினவாது அவர் உறுதியை மெச்சினரென்றும் சாஸ்திரியாரின் குலத்தார் வழிவழியாகக் கூறுவர். அரசனது உப்பைத் தின்று அரசனது விருப்பத்தை மறுத்தல் அக்காலத்தில் எளிதான செயலன்று. மறுத்தவனைப் பொறுத்தலும் அரசர்க்கு எளிதன்று. இருவரையும் வளர்த்த முதியவரின் பயிற்சி இருவரிடத்தும் பலித்தது எனலாம்.

சபையோடு நேர்ந்த பிணக்கு

இதுகாறும் கூறியது கேட்டார்க்கு இன்பந் தருவது. இனிக் கூறவேண்டுவது அத்தகையதன்று. ஆயினும் பெரியார் சரிதம் எழுதப் புகுந்தோர் இனியது மட்டும் எடுத்து ஏனையதை மறைப்பின் அது சரிதம் ஆகாது.

சுவார்ட்ஸ் ஐயரின் காலத்தில் தஞ்சைச் சபையில் வேளாளர் ஒருபுறமும், தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருபுறமும் அமர்வது வழக்கமாயிருந்தது. நற்கருணைப் பந்தியை அணுகுவதிலும் முன்பின் என்னும் முறை இருந்தது. நாளடைவில் இது தானே தேய்ந்தழியும் எனப் பழைய ஐயர்மார் பொறுத்திருந்தனர். அது தேயவில்லை. 1820-ஆம் ஆண்டுக்குப் பின்னர் வந்த இளைய மிஷனரிமார், அவருள் சிறப்பாகத் தஞ்சையில் ஊழியஞ்செய்த ஹாப்ரோ ஐயர், இவ்வேற்றுமையை உடனே ஒழிக்க முற்பட்டனர். வேதநாயகர் எதிர்த்தெழுந்தார். தாம் கண்ட நான்கு கொடுமைகளை அவர் எடுத்துரைத்தார். பொன் மொழிபெயர்ப்பு எனப் போற்றப்பட்ட பப்ரிஷியஸ் ஐயரின் வேதாகமத்தை ரேனியஸ் ஐயரின் திருத்தத்தால் மாற்றுதல் ஒன்று. சாதியாரை வலிந்து ஒன்றாகக் கலத்தல் ஒன்று. மணத்திலும் பிணத்திலும் திருநாளிலும் மலர் கூடாதெனத் தடுத்தல் ஒன்று. ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனத்தையும் தமிழிசையையும் விலக்குதல் ஒன்று. சாதித் திருத்தம் பேதைமை எனக் காட்ட 1829-இல் ஒரு நூலும் எழுதினார். சாதி என்பது உலகியல் ஒழுங்கு. அது மீட்புக்குத் தடையன்று. சுவார்ட்ஸ் ஐயரே பொறுத்ததை நேற்று வந்தவர் பலவந்தமாய் அகற்றுதல் முறையன்று என்பன அவர்தம் வாதங்கள்.

1826-ஆம் ஆண்டு ஈஸ்டர்த் திருநாளில் தஞ்சைக்கு வந்த ஹீபர் அத்தியட்சர் இவ்வழக்கை இரக்கத்தோடு விசாரிக்கத் தொடங்கினார். சில நாட்களுக்குள், ஏப்ரல் 3-ஆம் நாள், திருச்சிராப்பள்ளியில் அவர் இறந்துபட்டார். 1833-இல் வில்சன் அத்தியட்சர் சாதி வேற்றுமை சபையில் அறவே, உடனே, என்றைக்குமாக ஒழியவேண்டுமெனக் கட்டளை விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டு விலகினர். சாஸ்திரியாரோ அதற்கு முன்னரே மிஷன் உத்தியோகத்தை இழந்திருந்தார். அந்நாளில் அவருக்கு ஆதரவளித்தவர் சரபோஜி மன்னர். கிறிஸ்துவை அரசராகப் பறைசாற்றிய சபை தன் கவிஞரை வெளியே நிறுத்திற்று; கிறிஸ்துவை வணங்காத அரசர் அவருக்குச் சோறளித்தார். 1832-ஆம் ஆண்டு மார்ச்சு 7-ஆம் நாள் அம்மன்னரும் மறைந்தார்.

இவ்வழக்கிலே நாம் யார் பக்கம் நிற்பது? மலரையும் இசையையும் பற்றிய வழக்கில் நீதி சாஸ்திரியார் பக்கமே. தமிழர் தமிழிற் பாடித் தம் அரசரைப் போற்றுதலைத் தடுத்தவர், மேசியாவின் அரசை மேனாட்டு வழக்கத்தோடு ஒன்றாக எண்ணி மயங்கினர். சாதி பற்றிய வழக்கிலோ நீதி சாஸ்திரியார் பக்கமில்லை. எல்லாத் தேசத்தாரையும் பாட்டில் வரிசையாக நிறுத்திப் பெத்லகேம் நாதரின் பவனியைக் காட்டிய அவர், தம் பக்கத்தில் இருந்த ஏழைச் சகோதரரோடு ஒரு பாயில் அமர இசைந்தாரில்லை. பாடியவருடைய பாட்டு பாடியவரை முந்திச் சென்றது. கொட்டிலிற் பிறந்த அரசரின் பந்தியில் முதல் இடம் இன்னார்க்கே எனல், கழுதையேறி வந்தவரைக் குதிரையேற்ற முயலுதலை ஒக்கும். பலவந்தத்தால் வந்த திருத்தம் கசந்தது என்பது மெய்யே. ஆனால் பந்தியின் கடைக்கோடியில் பல்லாண்டு காத்திருந்தவருக்கு அப்பொறுமையும் கசந்திருக்குமன்றோ? அவர்தம் மனநிலையைப் பாடிய கவிஞர் அந்நாளில் ஒருவரும் இலர். சாஸ்திரியாரின் குரல் நமக்குக் கேட்கின்றது, அவர்களுடையது கேட்கவில்லை. வரலாறு படிப்போர் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

அரசின் மறைவும் கவிஞரின் முடிவும்

சரபோஜிக்குப் பின் அவர் மைந்தர் இரண்டாம் சிவாஜி அரண்மனையில் வீற்றிருந்தார். அவர் 1855-ஆம் ஆண்டில் ஆண்மகவின்றி இறந்தார். டல்ஹௌசிப் பிரபு வகுத்த கொள்கைப்படி, வாரிசில்லா அரசெனக் கூறிக் கம்பெனியார் தஞ்சை அரசை ஒழித்தனர். ஏகோஜியின் காலந்தொட்டு ஏறக்குறைய 180 ஆண்டுகள் நின்ற சிம்மாசனம் ஒழிந்தது. அப்போது சாஸ்திரியாருக்கு வயது எண்பத்தொன்று. துளஜாவின் இறுதிக்காலம், அமரசிங்கனின் ஆட்சி, சரபோஜியின் முடிசூட்டு, அவர்தம் மைந்தரின் மறைவு ஆகிய அனைத்தையும் கண்ட கண்கள் அரண்மனை வாயில் அடங்கியதையும் கண்டன. இரண்டாண்டுகள் கழிந்து வடநாட்டில் எழுந்த பெருங்கிளர்ச்சியின் முடிவில் கம்பெனியின் ஆட்சியும் 1858-இல் நீங்கிற்று. விழுங்கியதும் விழுங்கப்பட்டது.

1864-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 24-ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதில், வேதநாயக சாஸ்திரியார் தஞ்சையில் இறைவனடி சேர்ந்தார். அவர் வழித்தோன்றல்கள் இன்றளவும் அவர் பாடல்களைக் காலட்சேபமாகப் பாடி வருகின்றனர்.

முடிவுரை

மேசியாவின் அரசை எதிர்நோக்குவோர் இருவகைப் பிழைகளில் வீழ்வதுண்டு. அது வரும் நாளைக் குறித்துவிடுதல் ஒன்று. சாஸ்திரியார் மறைந்த பின்னர்த் திருவிதாங்கூர் நாட்டில் யுஸ்துஸ் யோசேப்பு என்னும் கல்விமான், தமிழ்ப் பிராமணர் குடியிற் பிறந்து குருப்பட்டம் பெற்றவர், 1881-இல் கிறிஸ்து திரும்பி வருவார் எனக் கணக்கிட்டுரைத்து ஒரு சபையையே திரட்டினார். அவ்வாண்டு வந்து போயிற்று, திரண்டவர் திகைத்தனர். மற்றொரு பிழையோ அதனினும் எளிதில் நேர்வது. நாளை வருமென்று பாடிக்கொண்டே, இன்று அது நம் வாயிலில் நின்று கேட்பதைக் கொடாதிருத்தலே அது. சாஸ்திரியார் முதற்பிழைக்கு ஆளாகவில்லை. இரண்டாவதற்கு அவர் ஆளானார். அவர் ஒருவரேயோ? தமிழ்நாட்டில் சில ஊர்களில் ஒரே சபையாருக்கு இரு கல்லறைத் தோட்டங்கள் உள்ள செய்தியை நாம் அறியாதவரல்லேம்.

இன்று நம் ஆலயங்களிற் சென்று நோக்குக. விலக்கப்பட்ட தமிழ்க் கீர்த்தனம் பீடத்தின் முன்னே முழங்குகின்றது. அதிற் சாஸ்திரியார் வென்றார். அக்கீர்த்தனத்தைப் பாடுவோர் எக்குலத்தவராயினும் ஒரு பந்தியில் முழந்தாளிட்டு ஒரு பாத்திரத்திற் பருகுகின்றனர். அதில் அவர் தோற்றார். யாரை உடன்வைத்துப் பாட அவர் தயங்கினாரோ, அவர்தம் பேரர் வாயிலேதான் அவர் பாட்டு இன்று பெரும்பாலும் வாழ்கின்றது. தம் அடியவரின் வெற்றியையும் தோல்வியையும் ஒருங்கே கொண்டு தம் அரசை வளர்க்கும் அரசர் ஒருவர் உளர் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

மாணவ நண்பர்காள்! மறுமுறை நீவிர் செஞ்சிக் குன்றேறும்போது, வீழ்ந்த மதில்களைக் கண்டு உலகரசுகளின் நிலையாமையை மட்டும் எண்ணித் திரும்பிவிடாதீர். இறங்கி வந்து, விடுதியில் உணவுக்கு அமருங்கால், உம் பக்கத்தில் யார் அமர்ந்துள்ளார் எனவும், அமராது எட்டச் சென்றவர் யார் எனவும் சற்றே நோக்குமின். அழியா அரசின் எல்லை அங்கேதான் தொடங்குகின்றது.